ஓடை தாண்டிய ஆரஞ்சுக் களி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவி சிசோனி அம்மையார் அவர்களே! தடி ஊன்றினாலும் தளராத பெரியோர்களே! முதுகில் மழலையையும் முகத்தில் முறுவலையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தலைநகர் லுசாகாவிலிருந்து வழியெல்லாம் புழுதி குடித்து வந்திருக்கும் அதிகாரி சகாலா அவர்களே! பிள்ளைகளின் விரலில் ஊசி குத்தி, உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆய்வுக்காரி மர்வேசியின் வணக்கம்!

என்ன, அதற்குள் குலவையா? நான் இன்னும் பேச்சையே தொடங்கவில்லை, தாயே!

இரண்டு ஊர், நடுவே ஓர் ஓடை. இக்கரைக் கசவாவுக்கு ஆரஞ்சு நிற மக்காச்சோள விதை கொடுத்தோம். அக்கரைத் துண்டேவுக்கு வழக்கமான வெள்ளை விதை. ஆரஞ்சுச் சோளக் களி தின்றால் பிள்ளைகளின் கண்ணும் உடலும் தேறுமா? இரு கரைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடாதா? ஆகா, எவ்வளவு அழகான திட்டம்! எவ்வளவு அறிவான திட்டம்!

முதலில் கசவாவே மூக்கைச் சுளித்தது. "பஞ்சத்துல நிவாரணமா வந்த மஞ்சச் சோளத்தை மறுபடி எங்க தலையில கட்டப் பாக்குறியா? கோழிக்குப் போடு, போ!" என்றவர் யார்? லோசாதி அக்கா, தலையைக் குனியாதீர்கள்! இன்று உங்கள் கோழிக்கு ஒரு மணியாவது மிஞ்சுகிறதா?

அறுவடை முடிந்து சில மாதங்கள் கழித்துச் சோதித்தோம். முடிவு என்ன? இரு கரைப் பிள்ளைகளும் தேறியிருந்தார்கள். கடுகளவும் வித்தியாசம் இல்லை! "நல்ல மழை பெய்ததால் வந்த பலன். ஆரஞ்சு விதையை நிறுத்திவிடலாம்" என்றார் சகாலா ஐயா.

இரண்டு ஊரையும் கூட்டி அதைச் சொன்னோம். மகள் தமாண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள் துண்டே ஊர் ஃபலேசி.

"ஐயா, என்னை வேணா ஆய்வுலேருந்து தள்ளிருங்க. விதையை நிறுத்திராதீங்க! பொழுது சாஞ்சா இவ கண்ணு தெரியாம ஆட்டுக்குட்டி மேல முட்டி முட்டி விழுவா. அதான் தினமும் ஓடை தாண்டி எங்கக்கா லோசாதி வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிட்டேன். இப்ப மங்கல்லயும் என் பின்னாடியே ஓடி வர்றாய்யா!"

"வாராவாரம் வந்து கேட்டாங்களேம்மா, உங்க வீட்டுல பிள்ளை என்ன சாப்பிட்டுதுன்னு?" என்றார் சகாலா ஐயா.

"எங்க வீட்டுலதானே கேட்டாங்க? வெள்ளைக் களின்னு சொன்னேன். பெரியம்மா வீட்டைப் பத்தி யாரு கேட்டா?"

லோசாதி அக்கா சும்மா இருப்பாரா? "வாசல்ல வந்து நிக்குற புள்ளைகிட்ட, நீ எந்தக் கரைன்னு கேட்டுட்டா களி கிண்டுவாங்க?"

"வேற யாரெல்லாம் அனுப்பினீங்க?" என்றார் ஐயா. ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். துண்டேவே எழுந்து நின்றது! இரு கரைப் பிள்ளைகளும் தின்றது ஒரே ஆரஞ்சுக் களி என்றால், வித்தியாசம் எங்கே தெரியும்? சகாலா ஐயா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. ஐயா, மறுக்காதீர்கள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்!

தாய்மார்களே! எங்கள் வரப்பு தோற்றது, உங்கள் வயிற்றுப் பாசம் வென்றது! எங்கள் கணக்கு தோற்றது, உங்கள் களிப்பானை வென்றது! அக்காளையும் தங்கையையும் ஓர் ஓடை பிரித்துவிடும் என்று நினைத்தோமே, எங்களைப் போல் மடையர் உண்டா? இப்படித் தோற்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? இன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை!

இதோ விதை மூட்டைகள், இம்முறை இரு கரைக்கும்! முதல் மூட்டை துண்டேவுக்கு. ஃபலேசி, வா! இனி உன் மகள் உன் வீட்டிலேயே வயிறார உண்ணட்டும்.

யார் அது கத்துவது? லோசாதி அக்காவா?

"அப்ப எங்க வீட்டுக்கு வரமாட்டாளா?"

அழாதீர்கள் அக்கா! தமாண்டா, நீயே மேடைக்கு வந்து சொல் கண்ணே, யார் வீட்டில் சாப்பிடுவாய்?

"ரெண்டு வீட்டுலயும்!"

கேட்டீர்களா? இதற்குமேல் நான் என்ன பேசுவது? பெற்றவர்க்கும் பெரியம்மாக்களுக்கும் நன்றி. பசித்த பிள்ளைகள் அனைவருக்கும் என் வணக்கம்!