அப்படியே நில்

அன்று சாயங்காலம் நான் கயிற்றைக் காயப்போட்டதை நீங்கள் பெரிய விஷயமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ஈரக் கயிற்றைச் சுருட்டி வைத்தால் நாறும். வேறு காரணம் இல்லை.

நான் டைவருக்குக் கயிறு பிடிப்பவன். இறங்குகிறவன் உடம்பில் ஒரு முனை, கரையில் என் கையில் மறுமுனை. துறைமுகத் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. விளக்கு இருந்தால் ஒரு சாண் தெரியும், சேறு கலங்கினால் அதுவும் போய்விடும். கீழே இருப்பவனுக்குப் பேச்சும் வழியும் கயிறுதான். அவன் படபடவென்று விடாமல் இழுத்தால் ‘என்னை வெளியே எடு’ என்று அர்த்தம். நான் ஒரே ஒரு முறை அழுத்தி இழுத்தால் ‘அப்படியே நில்’ என்று அர்த்தம். மேலே படகு போகலாம், கயிறு எங்காவது சிக்கியிருக்கலாம். கீழே இருப்பவன் காரணம் கேட்க முடியாது.

என் டைவர் என் தங்கையின் புருஷன். அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே நான்தான். எங்கள் கால்பந்து கிளப் படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு மழை நாளில், கேலரியே காலியான பிறகும் இவன் மட்டும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாதியில் எழுந்து போகிற ஆள் இல்லை என்று முடிவு செய்தேன். அதன் பிறகு எல்லா ஆட்டத்துக்கும் சேர்ந்தே போனோம்.

அந்தக் கேலரி விரிசல் விட்டு, மைதானத்தையே பூட்டினார்கள். கிளப் வேறு ஊரில் வாடகை மைதானத்தில் ஆடியது. புது ஸ்டேடியத்துக்கு இருந்த ஒரே இடம், துறைமுகத்தில் கப்பல் நிறுத்த வெட்டிய, கப்பல் வருவது நின்றுபோன பழைய டாக். அதைத் தூர்த்து, மேலே கட்ட வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் கிளப் அந்த ஊரிலேயே தங்கிவிடும் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள்.

பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டு ஒரு குழு எதிர்த்தது. அவர்கள் கையில் ஆதாரமாக இருந்தது டாக்கின் கருங்கல் சுவர் மட்டும். “நாய் காலைத் தூக்குற சுவருக்கு நினைவுச் சின்னமா?” என்று அதிகம் சிரித்தது என் மாப்பிள்ளைதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்கின் அடியில் காப்பாற்ற வேண்டிய பழசு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நகராட்சியில் எங்களை அனுப்பினார்கள். முதல் தடவை இறங்கி ஏறியவன், வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“மச்சான், கீழ கதவு இருக்கு. அந்தக் காலத்துல டாக்குல தண்ணிய அடைக்கிற கதவு. மரம். ரெண்டு பக்கமும் முழுசா நிக்குது, ஒரு ஆணி உதிரல.”

“யார்கிட்ட சொன்ன?”

“மேல வந்ததே இப்பத்தான். மீன்கிட்டயா சொல்வேன்?”

“சேறுன்னு சொல்லிடு மாப்ள.”

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையில் அடித்தான். “சரி, சேறுதான். போதுமா? அதுக்காக மூஞ்ச இப்படி வெச்சுக்காதீங்க, கால் நடுவுல கோல் விட்ட கோல்கீப்பர் மாதிரி.”

நான் அதை நம்பினேன். என் தங்கையைக் கொடுத்த வீடு. கையில் அடித்துச் சொன்ன சொல்.

ஆட்சேபக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஆட்கள் கழுத்தில் கிளப் துண்டோடு பாதி மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். எதிர்ப்புக் குழுவின் தலைவி, கட்டடக்கலை படித்த ஓர் அம்மாள், சுவர்ப் படங்களைக் காட்டி முடித்தபோது அதிகாரிகளில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து அவன் எழுந்தான்.

“கீழ சேறுன்னு சொன்னது பொய்ங்க. கதவு இருக்கு. நான் தொட்டுப் பார்த்தேன்.”

எங்கள் ஆட்கள் ஊளையிட்டார்கள். எவனோ செருப்பை எறிந்தான். அவன் குனிந்து என்னிடம் மட்டும் சொன்னான்: “மன்னிச்சுக்கோங்க மச்சான். தொட்ட கைய வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ல வரல.”

வெளியே வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கூட வைத்துக்கொண்டே தெரியாமல் இருந்தவன் என்று.

கதவை வீடியோ எடுத்து வந்தால்தான் நம்புவோம் என்றார்கள் அதிகாரிகள். இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். டைவர் தன் கயிற்றுக்காரனை மாற்ற மாட்டான். மாற்றினால், உன்னை நம்பவில்லை என்று ஊரறியச் சொன்னதாக ஆகும். அவன் அப்படிச் செய்திருக்கலாம். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“வேற ஆளப் போட்டா ஆயுசுக்கும் பேச மாட்டீங்க. நீங்களே வாங்க. கோவம் இருந்தா சொல்லுங்க, அடுத்த வாரம் வெச்சுக்கலாம்.”

“கோவமெல்லாம் இல்ல” என்றேன்.

அவசரத்துக்கு இன்னொரு டைவர் கரையில் இருக்க வேண்டும் என்பது விதி. “மச்சான் இருக்கும்போது எதுக்கு?” என்று அவனே வேண்டாம் என்றுவிட்டான். கரையில் ஓர் அதிகாரி மட்டும் போனில் பேசிக்கொண்டு நடந்தார். நல்ல வெயில்.

கதவு இரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. அதற்குள் நுழைந்து படம் எடுத்தான். கயிறு ஓடுவதை வைத்தே எனக்கு அது தெரியும். சேறு கலங்கியிருக்க வேண்டும். கயிறு படபடவென்று அடித்தது. என்னை வெளியே எடு.

நான் ஒரு முறை அழுத்தி இழுத்தேன்.

கயிறு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது, மறுபடி அதே பதிலைக் கொடுத்தேன். அதிகாரி கேட்டார், “எல்லாம் சரியா?” “சரி” என்றேன்.

என் கவனம் தப்பிவிட்டது என்று என் வக்கீல் எழுதித் தந்திருக்கிறார். அது வேண்டாம். என் வேலையில் நான் கவனம் தப்பியதில்லை. தொழிலில் முதலில் கற்பது இதுதான்: கயிறு பதில் சொன்னால் அசையாதே, சொல்லாவிட்டால் நீயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடு. நான் சும்மா இருந்திருந்தால் அவன் தானாகவே வந்திருப்பான். சிலிண்டரில் காற்று இருந்தது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். கடைசியாக அடித்தது மிகவும் மெதுவாக இருந்தது. அதற்கும் சொன்னேன்.

நேற்று அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினீர்கள். கதவு தெளிவாகவே விழுந்திருக்கிறது, மர ரேகை கூடத் தெரிகிறது. ஸ்டேடியம் வராதாம், கிளப்பும் போய்விட்டதாம். பிறகு ஒரே கலங்கல்; கேமராவை ஒட்டி, படத்தின் ஓரத்தில் அவன் கை மட்டும் கயிற்றின் மேல் தெரிந்தது. பதறவில்லை. என் பதில் வரும்போதெல்லாம் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் நினைத்தது இவ்வளவுதான்: இந்த ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேட்டான்.

ஆக, கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில் சொல் தவறியது யார் என்பதையும் எழுதுங்கள்.

தங்கை ஒரே ஒரு முறை வந்தாள். “அவரு உங்கள நம்புனாருண்ணே” என்றாள்.

“நானும்தான் அவன நம்புனேன்” என்றேன்.

எழுந்து போனவள் பிறகு வரவே இல்லை. தூக்கி வளர்த்தவள். இப்படி ஒரு நேரத்தில் அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.