பல்லாவரம் கல்லில் ஒரு வரி

மிஸ்டர் சத்தியநாதன் அவர்களுக்கு,

கல்லறைக்குப் பல்லாவரம் கல்லைப்போல வேறு கல் கிடையாது. வெயிலுக்கு வெளுக்காது. உளி பட்ட எழுத்து ஐம்பது வருஷம் அப்படியே நிற்கும். சலவைக்கல் வைத்தவர்கள் இன்று பெயர் தெரியாமல் துணியால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு யாருடைய அடக்கத்துக்கோ எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்த நீங்கள், தூறலில் குடையை விரிக்க மறந்து எங்கள் குடும்பக் கல்லின் முன் நின்றதைப் பார்த்தேன். மறுநாள் வீட்டு வாசலில் வந்து, "ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?" என்றீர்கள். நின்றபடி பதில் சொல்லும் விஷயமல்ல, எழுதித் தருகிறேன் என்றேன்.

என் தகப்பனார் உபதேசியார். இந்தச் சபை ஓலைக்கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து முதல் பெஞ்சு எங்களுடையது. நான் பதினான்கு வருஷம் தலைமையாசிரியராக இருந்தேன். தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் வரை ஏசுதாசன் சார் என்றால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் தங்கை ஞானஜோதியும் ஆசிரியைதான். 1957 அறுப்பின் பண்டிகையன்று, போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தியபோது அவள் எழுந்து நின்று தன் வகுப்பின் வருகைப் பதிவேட்டை மனப்பாடமாகச் சொன்னாள். நாற்பத்திரண்டு பெயர்கள். ஒன்றும் விடவில்லை. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் அவளை உங்கள் மனநல மருத்துவமனையில் சேர்த்தேன். சபையில் வேலூரில் வைத்தியம் நடக்கிறது என்று சொன்னேன்.

அம்மா 1964-இல் இறந்தார்கள். கடைசி மூச்சு வரை, "ஞானத்தக் கூட்டிட்டு வாடா" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அதே சமயம் என் மகளுக்குத் திருநெல்வேலியில் ஒரு நல்ல இடம் கூடிவந்தது. சம்பந்தி வீட்டார் விசாரித்தார்கள்: "ஒங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டாமே, எங்க இருக்காவ?"

கல் கொத்துகிற அப்பாதுரை அம்மாவின் பெயரை முடித்துவிட்டு, உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "வேற எதுனா பேரு சேக்கணுமா சார்? கல்லுல எடம் கீது."

நான் யோசிக்கவே இல்லை. ஞானஜோதி, 1964 என்று எழுதிக் கொடுத்தேன். உடல் வேலூரிலேயே அடக்கமாகிவிட்டது, ஞாபகத்துக்காகப் பெயர் மட்டும் என்றேன். போதகர் துக்க ஜெபம் சொன்னார். பெண்கள் அழுதார்கள். என் மனைவி சாராளும் அழுதாள். அவளுக்கு விஷயம் தெரியும். அம்மா கேட்டபடி மகளை அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. மகளின் கல்யாணம் தை மாதத்தில் நடந்தது.

ஐந்து வருஷம் கழித்து நீங்கள் வந்தீர்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் என்று அறிமுகம் செய்துகொண்டீர்கள். கையில் அவளுடைய கோப்பு. அவளுக்குக் குணமாகி நான்கு வருஷம் ஆகிறது, மாத்திரைகூடக் குறைத்தாகிவிட்டது என்றீர்கள். கேளம்பாக்கம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை எடுத்து, அவளைப் போல ஐந்து பெண்களை அங்கே குடிவைக்கப் போகிறீர்கள். அவள் அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். அதற்கு முன் இரண்டு வாரம் சொந்த வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து அறிக்கை எழுதுவீர்கள்.

"நீங்க மாட்டேன்னு சொன்னாலும் பரவாயில்ல சார், நேரா கேளம்பாக்கத்துக்கே அனுப்பிடுவோம். ஞாயித்துக்கிழமை சபைக்கு மட்டும் இங்க வந்துட்டுப் போகட்டும். அதத்தான் ரொம்ப ஆசையாக் கேக்கறாங்க."

மாட்டேன் என்று சொல்லிப் பயனில்லை என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. சந்தோஷமாகக் கூட்டிவாருங்கள் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். எல்லாக் குடும்பமும் இப்படி இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும் சார் என்றீர்கள்.

அவள் இரண்டு சேலையும், எனக்கென்று பூ வேலை செய்த ஒரு தலையணை உறையும் கொண்டுவந்தாள். முப்பத்தெட்டு வயதுக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. பின்கட்டு அறையைக் காட்டினேன். வாசல் பக்கம் வர வேண்டாம் என்றேன். "உங்களுக்கு எது சங்கடமோ அது வேண்டாம் அண்ணா" என்றாள். நாள் முழுக்க சாராளுக்குக் காய் நறுக்கினாள். வேலைக்காரி கன்னியம்மாவுக்குக் கையைப் பிடித்து எழுதச் சொல்லித் தந்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது கன்னியம்மா தரையில் சாக்கட்டியால் தன் பெயரை எழுதிக் காட்டினாள். "பாத்தியா சார், என் பேரு. நாப்பது வயசு வரிக்கும் கைநாட்டு. இந்தம்மா அஞ்சு நாள்ல கத்துக் குட்த்துட்சி. இவங்களுக்கா ஒடம்பு சரியில்லன்றே? நல்லா கேட்டுக்கினு வந்தியா?"

நீங்கள் சிரித்தீர்கள். நோட்டில் 'திருப்தி' என்று எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். தலைமையாசிரியருக்கு அது பழக்கம்.

ஞானம் என்னிடம் கேட்டது ஒன்றுதான். அம்மாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும். வந்த நாளிலிருந்து கேட்டாள். நான் நாள் தள்ளினேன். இரண்டாவது வியாழக்கிழமை, வெயில் உச்சியில், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில் அழைத்துப் போனேன்.

கல்லின் முன் மண்டியிட்டு ஜெபித்தாள். கண் திறந்தபோது படித்தாள். அழவில்லை. தன் பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலை ஓட்டினாள். திருத்தத்துக்கு வந்த நோட்டைப் பார்ப்பதுபோல வருஷத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

"அண்ணா, இது நானா?"

"எது?" என்றேன்.

கேள்வி பொய் ஆகாது, மிஸ்டர் சத்தியநாதன். வழி முழுக்க அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கன்னியம்மாவைப் பல்லாவரம் சந்தைக்கு அனுப்பினேன். சாராளை அடுப்பங்கரையில் இருக்கச் சொன்னேன். இரவு முழுக்கத் தூங்காத கண்ணோடு ஞானம் கூடத்தில் காத்திருந்தாள். நீங்கள் உட்காருவதற்குள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எங்கண்ணன் என் பேரக் கல்லறையில வெட்டி வச்சிருக்காங்க. நான் செத்துப் போயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்காங்க. நான் செத்து அஞ்சு வருஷம் ஆச்சாம். வாங்க, காட்டறேன். இப்பவே வாங்க."

உட்காருங்கம்மா என்றீர்கள். அவள் உட்காரவில்லை. நீங்கள் பொறுமையாகப் பேசப் பேச அவள் குரல் உயர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். "சார், தப்பா நினைக்காதீங்க. அப்படி ஏதாவது..."

நான் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தேன். "கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான். பத்து நிமிஷ நடை. நீங்களே வந்து படித்துப் பாருங்கள்" என்றேன்.

உங்கள் முகம் சிவந்தது. "ஐயோ வேண்டாம் சார், நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது" என்றீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள், ஐந்தே முக்கால் மின்சார ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் குடையோடு வாசற்படி வரை போய் நின்றேன். நீங்கள் வந்திருந்தால் நானும் வந்திருப்பேன். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பங்கரையில் நின்ற சாராளை ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாள். நீங்கள் கேட்கவில்லை. நோட்டில், தான் இறந்துவிட்டதாக நம்புகிறார் என்று எழுதினீர்கள். திங்கட்கிழமை வண்டி வந்தது. ஏறும்போது ஞானம் என்னைப் பார்க்கவில்லை. கன்னியம்மா மட்டும் பின்னாலேயே ஓடி, "இன்னா சார் இது அநியாயம்" என்று சத்தம் போட்டாள். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டேன்.

ஞானம் அதையே சொல்லிக்கொண்டிருந்ததால் மின்சார வைத்தியம் கொடுத்ததாக உங்கள் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று: இப்போது கல்லறையைப் பற்றிப் பேசுவதில்லை; எதைப் பற்றியும் பேசுவதில்லை. கேளம்பாக்கத்து வீட்டில் அவளுடைய கட்டிலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று என்றும் எழுதியிருந்தீர்கள்.

சென்ற மாசியில் அவள் இறந்தபோது உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதினீர்கள். நான் பதில் போடவில்லை. ஒரு சபையில் ஒருத்திக்கு இரண்டு தடவை துக்க ஜெபம் சொல்ல முடியாது. நீங்களே எங்கோ புதைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நன்றி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், நான்தான் செய்தேன். குணமான பெண் என்று தெரிந்துதான் செய்தேன். அவள் நிஜத்தைச் சொல்லுவாள், நிஜத்தைச் சொன்னால்தான் நீங்கள் அவளைத் திரும்பக் கொண்டுபோவீர்கள் என்று கணக்காக யோசித்துச் செய்தேன். இந்தக் கடிதத்தை யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்களிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நேற்று அப்பாதுரை வந்திருந்தான். கல்லில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறதாம். ஞானத்தின் பெயருக்குக் கீழே, ஒட்டினாற்போல, என் பெயருக்கு அளவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரையும் தனியாக விடுகிற வழக்கம் இல்லை.