மூணால வகுபடுற முக்கோணம்

...அதான் சொல்றேன் சார், செவுத்துல இவ்ளோ பெருசா எழுதி ஒட்டிருக்கேன், 'ஒரிஜினலை மறக்காமல் எடுத்துச் செல்லவும்'னு. ஒருத்தராவது படிக்கிறாங்களா? இந்த ட்ராயரப் பாருங்க. இது ரேஷன் கார்டு. இது பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டு, மூணு வருஷமா கெடக்குது, அந்தப் பொண்ணு எதக் காட்டி எந்த வேலைக்குப் போச்சோ தெரியல. ஜெராக்ஸ பத்தரமா மடிச்சிப் பையில வெச்சிக்கிறாங்க, ஒரிஜினல மெஷின்லயே வுட்டுட்டுப் போய்டுறாங்க. நீங்க ஒக்காருங்க. ஒங்க பேப்பர கண்ணாடி மேல வெச்சி மூடியாச்சி, கரண்ட்டு வந்தா ஒரே அழுத்து. போறதுக்கு மட்டும் டயம் தவற மாட்டான், வர்றதுக்குத்தான் இழுப்பான்.

ஜாதகந்தான? பாத்தேன். வினோதினி, சுவாதி நட்சத்திரம். நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, பொண்ணோட அப்பா, எங்க சபாபதி அண்ணன் கையாலயே எழுதுனது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா... நீங்க கம்மாபுரமா? பையனுக்குத் தாய்மாமனா? அப்ப ஜெராக்ஸு ஒரு சாக்கு, விசாரிக்கத்தான் வந்திருக்கீங்க. இதுல என்னா சார் வெக்கம், பொண்ணு எடுக்கிறவுங்க நாலு எடத்துல கேக்கத்தான் செய்வாங்க. பொண்ணப் பத்தி ஒரு சொல்லு கொற சொல்ல முடியாது. கடலூர்ல ரத்தப் பரிசோதன நெலயத்துல வேல. காலைல ஆறரை பஸ்ஸு, நின்னுக்கிட்டே போவும், நின்னுக்கிட்டே வரும். வயசு இருவத்தெட்டு ஆய்டிச்சி, அதான் அண்ணனுக்குக் கவல.

அவரப் பத்தி என்னா சொன்னாங்க ஒங்ககிட்ட? சிப்காட்ல ஸ்டோர் கீப்பரா இருந்தவரு, மர்ம நாவல் எழுதுறவரு, கொள்ளிடம் சபான்னு பேரு, பஸ் ஸ்டாண்டு கடயில மாசத்துக்கு ஒண்ணு தொங்கும்... அதுவரைக்கும் சத்தமா சொல்லிருப்பாங்க. அதுக்கப்பறம் கொரலத் தாழ்த்திக்கிட்டு, அவரு ஏதோ ரகசிய சங்கத்துல இருக்காரு, நாவலுக்குள்ள அவுங்களுக்கு மட்டும் புரியிற மாரி சேதி வெக்கிறாருன்னு. சொன்னாங்கல்ல? தெரியும் சார். நம்பிடாதீங்க. ஒம்போது வருஷமா அவரு கையெழுத்துப் பிரதிய டைப் அடிச்சி, பக்கம் கட்டி, சீடில போட்டு மெட்ராஸுக்கு அனுப்புறவன் நாந்தான். என்னக் கேக்காம ஊர்ல கண்டவனக் கேட்டா இப்பிடித்தான்.

முக்கோணத்தத்தான சொல்றாங்க? முக்கோணம் இருக்குது. இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவுல ஒரு கண்ணு இருக்கும். அதுவும் வாக்கியத்துக்கு நடுவுலயே வரும் சார். 'பீரோவுக்குள் இருந்தது', அங்க ஒரு முக்கோணம், 'ஒரு கை'. படிக்கிறவனுக்கு எப்பிடி இருக்கும்? அய்யனாருன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, ரிட்டேரு ஆனவரு, வேற ஜோலி கெடயாது. ஒக்காந்து எண்ணிப்புட்டாரு. ஒரு நாவல்ல இருவத்தேழு. இன்னொண்ணுல முப்பத்திமூணு. அடுத்தது முப்பத்தாறு. எல்லாம் மூணால வகுபடுது. நேரா இந்தக் கடைக்கு வந்து, நீங்க இப்ப ஒக்காந்திருக்கிற அதே ஸ்டூல்ல ஒக்காந்து, இதுக்கு என்னா அர்த்தம் கலியமூர்த்தின்னாரு.

எனக்கு என்னா சார் தெரியும்? அண்ணன் பேப்பர்ல முக்கோணம் போட்டு நடுவுல புள்ளி வெச்சிருப்பாரு. நான் எதயும் வுட மாட்டேன், அதான் எந்தொழில் சுத்தம். கமா இருந்தா கமா, முக்கோணம் இருந்தா முக்கோணம். வெறும் புள்ளி வெச்சா நல்லாவா இருக்குதுன்னு கம்ப்யூட்டர்ல நானே கண்ணா வரஞ்சேன். இமகூட வெச்சேன். ஆனா அர்த்தம் தெரியாதுன்னு அந்த வாத்தியார்கிட்ட எப்பிடிச் சொல்றது? ஆசிரியருக்கு வலது கை மாரி இருக்கிறவன் நானு. அதனால கொஞ்ச நேரம் ரோட்டயே பாத்துட்டு, 'சில விஷயத்த வெளிய சொல்ல முடியாது சார்'னேன்.

அவ்ளோதான் சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடயாது.

மறுநாளு அண்ணாமலை நகர்லேர்ந்து நாலு பேரு வந்தாங்க. அதுக்கு மறுநாளு கடலூர்லேர்ந்து. எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுக் கேப்பாங்க. நானும் ரோட்டப் பாப்பேன். அதுவரைக்கும் இந்தக் கடையில என்ன யாரு சார் மதிச்சிருக்கா? 'இருட்டா வுழுந்திருக்கு, இன்னொண்ணு போடு'ம்பாங்க. அவ்ளோதான் எனக்குப் பேச்சு.

சரி, அர்த்தம் கேக்குறீங்க. சொல்றேன். நானும் ஒரு நாளு அண்ணன்கிட்டயே கேட்டேன். சிரிச்சிட்டாரு. 'சக்கர மாத்தர மூணு வேள போடணும்டா. எழுத ஒக்காந்தா மறந்துடுது. போட்ட ஒடனே எழுதுற எடத்துல ஒரு அடையாளம் வெச்சிக்கிறேன்'னாரு. பாருங்க, ஒம்போது நாள்ல ஒரு நாவலு, நாளைக்கு மூணு மாத்தர, இருவத்தேழு. கணக்கு சரியாத்தான் இருக்குது. இதுல எங்க சார் வந்துது ரகசிய சங்கம்?

நான் கேக்குறதுக்குள்ள முக்கோணத்தோட பதினாலு நாவல் வெளிய வந்துடிச்சி. அண்ணன் ஒரு தடவ எழுதி முடிச்சா அச்சுல தொறந்துகூடப் பாக்க மாட்டாரு. வாசகருங்க கடிதாசி போட்டப்பதான் 'என்னாடா முக்கோணம்னு கேக்குறாங்க?'ன்னாரு. நான் மெட்ராஸ்காரன் போட்ட டிசைனுன்னுட்டேன். இன்னிக்கி வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டிருக்காரு.

என்னாது, ரெண்டாஞ் சனிக்கெழமையா? கடலூருக்குப் போறாரே, கதவச் சாத்திக்கிட்டு ஆறு பேரு ஒக்கார்றாங்களே, அதுவா? அது ரகசிய சங்கந்தான் சார். அத நான் மறைக்கல. ஆனா நீங்க நெனைக்கிற மாரி இல்ல. ஆறு பேருமே சிப்காட்ல ஒண்ணா வேல பாத்தவுங்க, ஆறு பேருக்கும் சக்கர. மாசத்துக்கு ஒரு நாளு கதவச் சாத்திக்கிட்டு ஆளுக்கு ஒரு ஜாங்கிரி. வூட்டுல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிருக்காங்க. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிருக்காரு, ஒங்ககிட்ட சொன்னத வெளிய சொல்லிடாதீங்க. ஜாங்கிரி தின்னா ஒண்ணும் ஆயிடாது. அண்ணனோட அப்பாருகூட சக்கரயில கால எடுத்தப்பறம் பதினோரு வருஷம் இருந்தாரு. பரம்பரயா வர்றதுதான. பொண்ணுக்கு இப்பதிக்கி ஒண்ணும் இல்ல சார், அது வேல பாக்குற எடத்துலயே பாத்துக்குது.

ஏன் சார் எழுந்துட்டீங்க? ஒக்காருங்க, கரண்ட்டு வந்துடும்.

அண்ணன நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. ரெண்டு எடம் கூடி வந்து தட்டிப் போயிடிச்சி. பண்ருட்டில ஒண்ணு, விருத்தாசலத்துல ஒண்ணு. யாரோ நடுவுல பூந்து கலச்சி வுடுறாங்க சார். அவுங்களும் நல்ல மனுஷங்கதான். ரெண்டு பேருமே இங்க வந்து ஜெராக்ஸு எடுக்கக் குடுத்துட்டு, ஒரு மணி நேரம் எங்கூடப் பேசிட்டுத்தான் போனாங்க. என்னா, ஞாபக மறதி ஜாஸ்தி. ரெண்டு பேருமே ஒரிஜினல மெஷின்லயே வுட்டுட்டுப் போய்ட்டாங்க. இதோ, மார்க் ஷீட்டுக்கு அடியில பாருங்க. ஒண்ணு. ரெண்டு. வினோதினி, சுவாதி. வினோதினி, சுவாதி...

சார், ஒண்ணு கேக்குறேன். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வழியெல்லாம் பத்து ஜெராக்ஸு கட இருக்குது. நீங்க யாரு சொல்லி இங்க வந்தீங்க?

...சபாபதி அண்ணனே சொன்னாரா?

'எங்குடும்பத்தப் பத்தி நானே சொன்னா நல்லாருக்காது, கலியமூர்த்தியக் கேளுங்க, அவன் எந்தம்பி மாரி, ஒளிவு மறைவு இல்லாதவன்'னாரா? அப்பிடியேவா சொன்னாரு?

பண்ருட்டிக்காரங்களும் இப்பிடித்தான், வந்த ஒடனே 'நீங்கதான கலியமூர்த்தி'ன்னாங்க. எம்பேரு அவுங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிதுன்னு நான் அப்ப யோசிக்கவே இல்ல சார்.

இருங்க, கரண்ட்டு வந்துடிச்சி. மெஷினு சூடாவ ரெண்டு நிமிஷம் ஆவும். நான் பட்டனத் தட்டிக்கிட்டே சொல்றேன், நீங்க கேளுங்க. முக்கோணம் என்னுது சார். கண்ணு என்னுது. வெளிய சொல்ல முடியாதுன்னு சொன்ன வாயும் என்னுது. அந்தப் பொண்ணு பஸ்ஸுல போறப்ப இந்தக் கடயப் பாத்துக் கையாட்டிட்டுப் போவும் சார், தெனமும். இன்னிக்கே கடய மூடிட்டு அண்ணன் கால்ல வுழுந்து சொல்லிடுறேன். வேணும்னா ஒங்க அக்காகிட்டயும் நானே வந்து சொல்றேன். கம்மாபுரத்துல எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க... இதோ ஜெராக்ஸு வந்துடிச்சி, நல்லா பளிச்சுன்னு வுழுந்திருக்கு பாருங்க.

சார்?

சார், வண்டிய எடுக்காதீங்க, ஒரு நிமிஷம்... ஜாதகம் மெஷின்லயே இருக்குது சார்.