அதற்கு முன்னால் எங்கே?

இந்தக் கூட்டத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, டொராண்டோவிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பெயர் சொல்லி அழைத்தால் கோபித்துக்கொள்ளும் பெரியவர்களே, பெற்றும் வளர்த்தும் களைத்த தாய்மார்களே, மசோதாவை எதிர்க்க வந்து, கொடுத்த காப்பியை மட்டும் எதிர்க்காமல் குடித்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசை நண்பர்களே, அனைவருக்கும் டெல்ஃபீன் ஹார்ட்வெல்லின் பணிவான வணக்கம்.

பள்ளிகளில் இனவெறிக்கு எதிரான பாடம் கட்டாயம் என்கிறது மசோதா. "நம்ம ஊர்ல அதெல்லாம் எங்கே இருக்கு?" என்கிறார்கள் சிலர். இருக்கிறதா இல்லையா என்று நான் வாதாடப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் என் மகள் மார்லோவின் ஐந்தாம் வகுப்பில் 'நாடுகளின் நாள்' கொண்டாடினார்கள். அவரவர் நாட்டுக் கொடியும் அவரவர் நாட்டு உணவும் கொண்டுவர வேண்டும். மார்லோ நம் கனடாக் கொடியை வரைந்தாள். எங்கள் வயலில் விளைந்த சோளத்தை அவித்து எடுத்துப் போனாள்.

ஆசிரியை திருமதி டெக்கர் கொடியைப் பார்த்தார்.

"இது எல்லாரோட கொடி கண்ணு. உன் நிஜமான நாடு எது?"

"இதுதான் டீச்சர்."

"சரி, அதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?"

"அதுக்கு முன்னாடி பக்கத்து ரோட்டுல இருந்தோம்."

சிரிக்கிறீர்கள். வகுப்பும் சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டின் கொடியைத் தேடி எடுத்து, என் பெண்ணின் மேசையில் நட்டுவிட்டார். எந்த நாடு என்று அவருக்கும் தெரியாது, மார்லோவுக்கும் தெரியாது. பாவம், அந்த நாட்டுக்கும் தெரியாது.

அன்று இடைவேளையில் வெஸ்லி என்ற பையன் கேட்டான்: "நீ எப்ப உன் நாட்டுக்குத் திரும்பிப் போவே?" மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாள் நாலு பேர் சேர்ந்து கேட்டார்கள். வாயாடி மகள் வாய் மூடினாள். வகுப்பில் தூக்கிய கையைத் தாழ்த்தினாள். ஒருநாள் நான் தலைபின்னிவிடும்போது கேட்டாள்: "அம்மா, நம்மள எப்ப அனுப்புவாங்க?"

தாய்மார்களே, அந்தக் கேள்விக்கு எந்த அகராதியில் பதில் இருக்கிறது?

நான் பள்ளிக்குப் போனேன். போனேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. புயலாகப் புகுந்தேன் என்பதே பொருத்தம். என் குரல் தெருமுனை வரை கேட்டதாம். என் கணவர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. மனிதருக்கு அனுபவம் உண்டு.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே, ஆசையாத்தானே கேட்டேன்" என்றார் திருமதி டெக்கர்.

"வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம்" என்று கூட்டிப்போனேன். விளையாட்டுத் திடலின் வேலிக்கு அந்தப் பக்கம்தானே எங்கள் கல்லறைத் தோட்டம்? பழைய கல் ஒன்றின் முன் நிறுத்தினேன். டாமரிஸ் ஹார்ட்வெல். அமெரிக்காவில், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, கனடா என்றொரு நாடு உருவாவதற்கு முன்பே, கைக்குழந்தையோடு உறைந்த எல்லை ஆற்றைக் கடந்து இங்கே தப்பி வந்தவள். அவளுக்குப் பக்கத்தில் மகன், பேரன், கொள்ளுப்பேத்தி. வரிசை வரிசையாக எங்கள் ஆட்கள்.

டெக்கர் ஒவ்வொரு கல்லாகப் படித்தார். கடைசிக் கல்லையும் படித்துவிட்டுச் சொன்னார்: "பந்து விழுந்தா எடுக்க எத்தனையோ தடவை இங்கே வந்திருக்கேன், டெல்ஃபீன். ஒரு பேரைக்கூடப் படிச்சதில்ல. நானும் இதே ஊர்லதான் படிச்சேன். எனக்கும் யாரும் சொல்லித்தரலியே."

என் கோபம் அங்கேதான் திசைமாறியது. அவர் பொல்லாதவர் அல்லர். கற்பிக்கப்படாதவர் கற்பிக்க வந்தார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வகுப்பு முழுவதையும் அங்கே அழைத்துவந்தார். வெஸ்லி கல்லில் இருந்த ஆண்டைப் பார்த்து விழித்தான். "எங்க தாத்தா ரெண்டாம் உலகப் போருக்கப்புறம்தான் கப்பல்ல இந்த நாட்டுக்கு வந்தாரு" என்றான். மார்லோ சொன்னாள்: "பரவால்ல, லேட்டா வந்தாலும் இருந்துக்கோங்க."

என்ன ஐயா பின்வரிசையில்? "எங்க பிள்ளைங்களைத் தலைகுனிய வைக்கிறீங்க" என்கிறீர்களா? வெஸ்லி தலைகுனிந்தானா? மறுநாளே என் மரத்தில் ஏறி ஆப்பிள் திருடினான். நிமிர்ந்துதான் ஏறினான். உண்மை தெரிந்தால் பிள்ளைகள் உடைவதில்லை. உடைவது நம்முடைய சொகுசு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்குத் தொண்டை இருந்தது, கத்தினேன். வேலையை விட்டு வர முடியாத தாய் என்ன செய்வாள்? மொழி தெரியாத தாய் என்ன செய்வாள்? தொண்டை அடைத்துப்போன தாய் என்ன செய்வாள்? ஒரு குழந்தையின் மானம் அதன் தாயின் குரல்பலத்தை நம்பியா இருக்க வேண்டும்? கத்தத் தெரியாதவளின் பிள்ளைக்கும் காவல் வேண்டும். அதற்குத்தான் சட்டம் என்று பெயர். அன்பாகக் கேட்டுக் கிடைப்பது சலுகை; கேட்காமலே கிடைப்பதுதான் உரிமை.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு. உறுப்பினர் அவர்களே, கையை உயர்த்துங்கள். அண்டை அயலாரே, அவர் உயர்த்தும்வரை தொலைபேசியில் அவரை நிம்மதியாக இருக்க விடாதீர்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையிழந்தும் எழுந்து போகாதவர்களுக்கு இருமடங்கு நன்றி. எல்லோரும் நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.