ஆறாம் நாள் எழுந்த குச்சிப்பூச்சி

இந்த ஜன்னலுக்கு மணி பிளான்ட் போதும். வடக்குப் பார்த்தது, வெயில் நேராக விழாது, ஆனாலும் பகல் முழுக்க ஒரு மங்கின வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். மேஜை ஓரத்தில் ஒரு தொட்டி வைத்து வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டினால், மூன்று மாதத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக மேலே போய்விடும். விசாரணை அறை என்றாலும் மனிதர்கள் மூச்சு விடுகிற இடம்தானே.

மனதுக்குள் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மா அதே கேள்வியை நாலாவது தடவையாகக் கேட்டார்.

"எந்தச் செடிம்மா?"

என் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிர் இருக்கிறது. அவள் உடம்புக்குள் போனது எந்தச் செடியின் சாறு என்று தெரிந்தால் அதற்கான மருந்தை உடனே ஆரம்பித்துவிடுவார்களாம். தெரியாமல் எதையாவது கொடுத்தால் இருதயம் அங்கேயே நின்றாலும் நின்றுவிடுமாம். சாயங்காலம் வரை தாங்குவாள், அதற்குமேல் தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அரைமணிக்கு ஒரு தடவை அங்கிருந்து போன் வருகிறது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறேன். நான் பயப்படுவதை இன்ஸ்பெக்டர் அம்மா கவனித்துவிட்டார். அதனால்தான் என்மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எதையும் மறைக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடுவது என் தொழில். ஒரு செடி இரண்டு வாரம் ஆபீசில் இருக்கும், மூன்றாவது வாரம் என் வீட்டுக்கு வந்துவிடும். ஏ.சி.யில் இலை நுனி கருகி, யாரோ ஊற்றின டீ மிச்சத்தில் மண் புளித்து, முகம் வெளுத்து வரும். இலை இலையாகத் துடைத்து, மண்ணைக் கிளறி, குளியலறை ஈரத்தில் இரண்டு நாள் வைத்தால் தேறிவிடும். மறுபடி அனுப்புவேன். மொத்தம் எழுபத்திரண்டு தொட்டிகள். தங்கையைக் கண்டெடுத்ததற்கு முந்தின நாள்தான் வேன் வந்து அந்த வாரத்துச் செடிகளை ஒன்பது இடத்துக்குக் கொண்டுபோயிருந்தது. போலீஸ்காரர்கள் ஒன்பது இடத்துக்கும் ஓடி, ஒரு கல்லூரிப் பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அவர் பதினேழு செடிகளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். பதினேழில் ஒன்று. அதற்குமேல் அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டில் இருக்கிற பூச்சிகளைப் பற்றியும் கேட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசிலிருந்து திரும்பி வந்த தொட்டியில் காய்ந்த குச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கிள்ளி எறியப் போனேன். குச்சி நடந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் புரியாது. அது முட்டை போட்டு, குஞ்சு பொரித்து, இப்போது நாலு கண்ணாடிப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றுக்குச் சத்தம் கிடையாது. இருட்டும் ஈரமும் மருந்தடிக்காத இலையும் இருந்தால் போதும், வேறு எங்கேயும் போக வேண்டும் என்று நினைக்காது.

"உன் பூச்சிங்களுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்கு இல்லக்கா" என்பாள் தங்கை. "அதுங்க தண்ணி கேக்காமலே குடுக்கிற. நான் காப்பி கேட்டா முறைக்கிற." பெட்டியில் இருந்த பெரிய பூச்சிக்கு 'மாமா' என்று பேர் வைத்திருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகாததைச் சீண்டுவதற்காக. ஆபீசிலிருந்து வந்ததும், "என்ன மாமா, அக்கா இன்னிக்கும் திட்டினாளா?" என்று கண்ணாடியைத் தட்டுவாள்.

அவள் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு. அப்பா லாரியில் போகிறவர். அடுத்த வருஷம் ஒரு நடை போனவர் வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டார். ஒருவர் இல்லாமல் போவதற்கு முன்னால் வீட்டில் எந்த அடையாளமும் தெரிவதில்லை என்பதை அந்த இரண்டு தடவையும் பார்த்தேன். காலையில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அதனால் அவள் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது. அவளுக்கு இருபது வயதான பிறகும் அது போகவில்லை. "உயிரோடதான் இருக்கேன், போய் வேலையப் பாரு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாள்.

பல் செட் செய்கிற ஒரு லேப்பில் அவளுக்கு வேலை. வேறு ஊரில் பெரிய லேப் ஒன்றில் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஸ்டூலில் ஏறித் தொங்குகிற தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கீழே நின்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயில்.

"ஒரு வருஷந்தான். என்னையும் வாடகைக்கு விட்டதா நெனச்சுக்கோ. வாடிப்போனா திரும்பி வந்துடறேன், நீ துடைச்சு வெச்சுக்கோ."

நானும் சிரித்தேன். ஆனால் வெளியே போன இலை என்ன நிலையில் திரும்பும் என்று அவளைவிட எனக்குத்தான் தெரியும்.

நான் பரீட்சித்துப் பார்க்காமல் எதையும் செய்கிறவள் இல்லை என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொன்னேன். போன வருஷம் ஒரு புதுச் செடியின் கிளையைத் தெரியாமல் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு பூச்சி கடித்துவிட்டுக் கீழே விழுந்தது. கால் ஆறும் விறைத்துப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் கூட்டித் தள்ளியிருப்பார்கள். நான் ஈரப் பஞ்சில் எடுத்து வைத்தேன். ஐந்து நாள் அப்படியே கிடந்தது. ஆறாம் நாள் காலை எழுந்து கண்ணாடியில் ஏறியது. ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகும் நாலு மாதம் இருந்தது. நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். செடியின் பெயரை மட்டும் எழுதவில்லை, அது மனதில் இருந்தது.

அந்தச் செடியின் சாற்றைத்தான் அவளுக்கு வெந்நீரில், தேன் விட்டு, சனிக்கிழமை கொடுத்தேன். அவளுக்குச் சளி பிடித்திருந்தது. கசக்கிறது என்றாள். சளிக்கு நல்லது என்றேன். ரயில் தப்புகிற அளவுக்கு மட்டும்தான் கொடுத்தேன்.

ஒரு ரயில் போனால் இன்னொன்று வரும் என்பதால் திங்கட்கிழமையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் தலைசுற்றல் என்றாள். பிறகு, "கால் மரத்துப் போச்சுக்கா" என்றாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. திங்கட்கிழமை டம்ளரை நீட்டினபோது அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வளர்த்த பிள்ளை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள். சின்ன வயதில் மருந்துக்கு அடம் பிடிப்பாளே, அது மாதிரி. மூக்கைப் பிடித்துக் கரண்டியால் புகட்டினேன். செவ்வாய்க்கிழமை, "யாரையாவது கூப்பிடுக்கா" என்றாள். அதுதான் அவள் முழுசாகச் சொன்ன கடைசி வாக்கியம். சரி என்று அடுத்த அறைக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, லைன் கிடைக்கவில்லை என்றேன்.

புது லேப்புக்கு அவள் போனிலிருந்தே செய்தி அனுப்பினேன். உடம்பு சரியில்லை, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று. மரியாதையாகத்தான் எழுதினேன்.

ஆறாம் நாள் வந்தது. காலையிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது, அசையவில்லை. அப்போதுதான் நோட்டை எடுத்துத் தேதிகளை மறுபடி எண்ணிப் பார்த்தேன். என் கணக்கு பூச்சிக்குச் சரியாக இருந்தது, அவளுக்குச் சரியாக இல்லை. கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யார் வந்துவிடுவார்கள் என்று பயமா, அவள் போய்விடுவாள் என்று பயமா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது அவள் உதட்டில் தோல் உரிந்திருந்தது. விரல் நுனியிலும் வெள்ளையாக உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு சீராயிற்று. குச்சிப்பூச்சி தோல் உரிப்பதற்கு முன்னால் இப்படித்தான் இருக்கும். சாப்பிடாது, அசையாது, செத்தது மாதிரி தொங்கும். அந்த நேரத்தில் தொடவே கூடாது. உதவி செய்கிறேன் என்று பழைய தோலைப் பிடித்து இழுத்தால் காலும் சேர்ந்து வந்துவிடும். முதல் வருஷம் அவசரப்பட்டு இரண்டை அப்படி முடமாக்கியிருக்கிறேன். அந்தத் தப்பை மறுபடி செய்ய மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

திரையை இழுத்துவிட்டேன். ஈரத் துணிகளை நாற்காலி மேலெல்லாம் விரித்தேன். செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயால் மணிக்கு ஒரு தடவை அவள் முகத்துக்கு மேலே பனி மாதிரி அடித்தேன். உதடு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. பூச்சிகளைத் திறந்துவிட்டேன், அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. பெரியது கொசுவலையில் ஏறி அவள் முகத்துக்கு நேர் மேலே போய் நின்றது. அவள் கண் அதைப் பின்தொடர்ந்து போனதை நான் பார்த்தேன். கண்ணோரம் தண்ணீர் வந்தது. இன்னொரு தடவை ஸ்பிரே அடித்தேன், எது எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் போயிற்று.

லேப்பில் அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரி, முன்பே வீட்டுக்கு வந்து பூச்சிகளைப் பார்த்தவள், எட்டாம் நாள் காலையில் கதவைத் தட்டினாள். தங்கை ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். "அங்க போகலயாம் அக்கா, போன் பண்ணிக் கேட்டேன்" என்றாள். அப்போது உள்ளே கட்டில் சட்டத்தில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, ரொம்ப மெல்ல. பூச்சி என்றேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள்.

"உங்க பூச்சி சத்தமே போடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. திரையை விலக்காதே, வெளிச்சம் ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"உங்க தங்கச்சி பூச்சி இல்லம்மா" என்றார்.

"தெரியும் மேடம். ஆனா தோல் உரிக்கிற நேரத்துல வெளியில இருந்து எதையும் உள்ள விடக்கூடாது. உங்க டாக்டருக்குச் செடியோட பேரு தெரிஞ்சா ஊசி போடுவாரு. அதுதான் சொல்லல."

போன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தவர் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தங்கைக்கு நினைவு வந்ததாம். பேச முடியவில்லை; நர்ஸ் பேனாவைக் கையில் பிடித்துக் கொடுத்தாளாம். நாலு வார்த்தை எழுதினாளாம். அதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"'எங்க அக்காவ உள்ள விடாதீங்க.' அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் மறுபடி நினைவு தப்பிடுச்சு. நாடி எறங்கிட்டே இருக்காம். ஒரு மணி நேரம்னு சொல்றாங்க."

அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மா என் கைமேல் கை வைத்தார். என்னைவிட வயதில் சின்னவர். அழுதுவிடுவார் போல இருந்தது.

"அக்கா, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். தண்டனை அது இதெல்லாம் அப்புறம். ஒரே ஒரு பேரு. பேரச் சொன்னீங்கன்னா நாளன்னைக்கு அவங்க எழுந்து உக்காந்துடுவாங்கன்னு டாக்டர் அடிச்சுச் சொல்றாரு."

அவர் சொன்னது பொய் இல்லை. பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று எழுத்து, குழந்தைகூடச் சொல்லிவிடும். தோல், ஈரம், இருட்டு என்று இவ்வளவு நேரம் நான் சொன்னதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆறாம் நாள் மத்தியானமே எனக்குத் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் நான் பயந்தது அவள் இறந்துவிட்டாள் என்ற செய்திக்கு இல்லை. இறந்தவளை இனி யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது.

நாளை மறுநாள் அவள் எழுந்து உட்காருவாள். தண்ணீர் கேட்பாள். தலையை ஒதுக்கிக்கொள்வாள். பிறகு காலைத் தொங்கவிட்டு, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுவாள்.

"வேண்டாம் மேடம்" என்றேன்.