கீழருந்து போடணும்

— கையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? மிஸ்ஸைப் பாருங்க. ஒரு கால் முன்னால. கை தொடையை ஒட்டிப் பின்னால போகுது, முன்னால வருது, ஊஞ்சல் மாதிரி. விட்டேனா? பை கூடைக்குள்ள விழுந்திச்சா? சபாஷ் தௌசீஃப், நீயும் போட்டுட்ட! உதயா கண்ணா, இப்ப உன் முறை. பையை எடு.

— மாட்டேன்.

— அவ எடுக்க மாட்டா ரோசி மிஸ்ஸு. வுட்டுடுங்கோ. நான் வூட்டுக்கு இட்டுகினு போறேன்.

— வாங்க மோகனா. பால்வாடி விட இன்னும் அரை மணி இருக்கே. நாலு நாளா உங்க பொண்ணு அந்தப் பையைத் தொடவே மாட்டேங்கறா. புளியங்கொட்டை ரொப்பின துணிப் பை, இதுல என்ன பயம்?

— இன்னான்னு சொல்றது மிஸ்ஸு. அவ நைனா போனது தெரியுமில்ல?

— காசிமேட்டுல லாஞ்சுலேருந்து விழுந்துட்டார்னு சொன்னாங்க.

— சொம்மா வுழல மிஸ்ஸு. அன்னிக்கி வூட்ல சண்ட. சோறு துண்ணாம கெளம்பிட்சி. பத்து நாளு கடல்ல தங்கலு. எனுக்கு மன்சு கேக்கல. தூக்குச் சட்டில சோத்தப் போட்டுகினு, இவளையும் இட்டுகினு ஓடுனேன். அதுக்குள்ள கயித்த அவுத்துட்டானுங்க. லாஞ்சு ரெண்டு ஆளு தூரம் தள்ளிப் போயிட்சி. தூக்குச் சட்டிய எறிஞ்சது எட்டல. எட்டிப் புடிக்கப் போயி... லாஞ்சுக்கும் கரைக் கல்லுக்கும் நடுவுல வுழுந்துட்சி அந்த மன்சன்.

— கடவுளே. யாரு எறிஞ்சது?

— எந் நாத்தனா ஜெயஸ்ரீயும் இத்தத்தான் கேட்டா, எம் மசுரப் புடிச்சிகினு. இவ குறுக்க பூந்து, 'நான்தான் எறிஞ்சேன் அத்த'ன்னா.

— ஐயோ! நாலு வயசுக் குழந்தை அது.

— ம்.

— இப்ப வீட்ல யாராவது அவளைத் திட்றாங்களா?

— திட்னாக்கூட தேவல. நாத்தனா அவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசறதில்ல. உசுரா வளத்த அத்த, கொழந்த கிட்ட போனா எழுந்து போயிடறா.

— நீங்க? 'உன் தப்பில்லடி'ன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா?

— வாயே வரல மிஸ்ஸு. தெனம் நென்ச்சிக்கினு படுக்கறேன், காலீல சொல்லிடணும்னு.

— இதைப் போயி தள்ளிப்போடுவாங்களா? பெத்தவ நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா? சரி, அழாதீங்க. அவ பாக்கறா. உதயா, இங்க வாடா கண்ணா. இது எறியற விளையாட்டு இல்ல. மேலருந்து வீசினா அது அடி. கீழருந்து போட்டா அது குடுக்கறது. தோ, கூடை வாயைத் தொறந்துகிட்டுக் காத்துட்டிருக்கு பாரு. அதுக்கு வலிக்காம குடுக்கணும். அவ்ளோதான்.

— கீழருந்து போட்டா அதால புடிக்க முடியுமா மிஸ்?

— மெதுவா குடுத்தா யாரா இருந்தாலும் பிடிச்சிடலாம்.

— மானாம் மிஸ்ஸு. உங்க கால்ல வுழறேன், அவளுக்கு இத்தச் சொல்லித் தராதீங்கோ.

— சும்மா இருங்க மோகனா. கொழந்தை இப்பதான் பையைக் கையில எடுத்திருக்கா. கால் முன்னால, கண்ணா. கை பின்னால. ஊஞ்சல்... ஊஞ்சல்... விடு!

— வுழுந்திச்சா மிஸ்?

— விழுந்திச்சுடா தங்கம்! நேரா கூடைக்குள்ள!

— அம்மா, பாத்தியா? ஈஸிமா! நீ தலைக்கு மேல தூக்கி வீசின இல்ல, அதான் நைனாவால புடிக்க முடியல. நைனா வந்தா இன்னொரு தபா இப்டி போடுமா, புடிச்சிக்கும். அப்பறம் நான்தான் எறிஞ்சேன்னு அத்தகிட்ட நான் பொய் சொல்ல மானாம்.