மதலேனாள் வாசல்

ரொம்ப ரொம்ப முந்தி, கோயிலுக்கு மணி வருவதற்கும் முந்தி, தாழைத்துறையில் மதலேனாள் என்று ஒருத்தி இருந்தாளாம். தலைப்பிள்ளை பெற்று அறைக்குள் கிடந்தாள். பெற்று நாற்பது நாள் கழியாதவள் கடலைப் பார்த்தால் வலையில் மீன் படாது என்று அந்தக் காலத்து எண்ணம். அதனால் அறைக்கு ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளியே.

ஒரு விடியலில் கரையெல்லாம் கூச்சல்.

"ஓங்கல் கரையேறிட்டு! கூட்டமா ஏறிட்டு!"

ஓங்கல் என்றால் டால்பின். அது கரையில் செத்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். ஆம்பிளைகள் அத்தனை பேரும் இறங்கித் தள்ளினார்கள். மதலேனாள் புருஷன் கயித்தானும் தள்ளினான். தள்ளினால் போகும், போய்த் திரும்பி வரும். தள்ளினால் போகும், போய்த் திரும்பி வரும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகச் செத்ததாம்.

மதலேனாள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். அத்தனை இரைச்சலிலும் ஒரு குரல் மட்டும் பாறைக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்லிசாக, விடாமல். அவளுக்குப் பால் தானாகச் சுரந்து சேலை நனைந்ததாம்.

கதவுக்கு வெளியே இருந்த மாமியாரைக் கூப்பிட்டாள். "மாமி, அது குட்டி. நம்ம களங்கட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு."

களங்கட்டி என்பது கம்பு நட்டு, சுற்றி வலை கட்டிய அடைப்பு. உள்ளே போன மீன் வெளியே வராது. அவர்கள் களங்கட்டி அந்தப் பாறைக்குப் பின்னால்தான்.

"ஓங்கல் பாஷை படிச்சிட்டியோ? பேசாம கிடட்டி."

"குட்டிய விட்டுட்டு தாய் எப்படிப் போகும்? உங்க மகன்கிட்டயாவது சொல்லுங்க."

"ஆம்பிளைங்க வேலையில நான் போய் என்னத்தச் சொல்ல?"

 மதலேனாள் அலறினாள்.

"மாமி! பிள்ளைக்கு மூச்சில்ல!"

மாமி தாழ்ப்பாளைத் திறந்தாள். நல்லாயிருந்த பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டு மதலேனாள் ஓடினாள். பச்சை உடம்பு, ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம்.

அடைப்புக்குள் குட்டி முட்டி முட்டி மூக்கெல்லாம் ரத்தம். கடல் பக்கத்துக் கம்பைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. ஆட்டினாள். கயித்தான் ஓடி வந்தான். அவளை இழுத்துப் போகத்தான் வந்தான். குட்டியைப் பார்த்தான், அவனும் கம்பைப் பிடித்தான்.

கம்பு வலையோடு பிடுங்கி வந்தது. குட்டி கத்திக்கொண்டே கடலுக்குப் போனது. உயிரோடிருந்த ஓங்கல் எல்லாம் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே போய்விட்டதாம். அதற்கப்புறம் ஒன்றும் திரும்பவில்லை.

மதலேனாளை என்ன செய்தார்கள்? கொண்டுபோய் அதே அறையில் விட்டார்கள்.

"கடலப் பாத்துட்டல்லா, நாற்பத முதல்லயிருந்து எண்ணு" என்றாளாம் மாமி.

இன்றைக்கும் தாழைத்துறையில் களங்கட்டி போட்டால், கடல் பக்கம் ஒரு கம்பை நடாமல் விடுவார்கள். மீன் போனால் போகட்டும் என்பார்கள். அந்த இடைவெளிக்குப் பேர் மதலேனாள் வாசல்.

பிள்ளை பெற்ற அறைக்குத்தான் தாழ்ப்பாள் இன்னமும் வெளியே.